விரல் தேர்ந்தெடுத்த கேபினெட்

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் பிராசஸர் என்ன, ராம் எவ்வளவு, ஹார்டு டிஸ்க் எத்தனை ஜிபி என்று வரிசையாக விசாரிப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு கடைக்காரர் ‘கேபினெட் எது வேணும்?’ என்று கேட்டால், ‘பார்க்க நல்லா இருக்கறதா ஒண்ணு போடுங்க’ என்பார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அந்தப் பெட்டிக்கு நம் வீடுகளில் சரியான பெயர்கூடக் கிடையாது. ‘சிபியு’ என்கிறோம். உண்மையில் சிபியு என்பது உள்ளே மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும் சில்லு. ஒரு சதுர பிஸ்கட் அளவுகூட இருக்காது. அதையும் மற்றவற்றையும் சுமந்துகொண்டு நிற்கும் இரும்புப் பெட்டிக்குத்தான் கடைகளில் கேபினெட் என்று பெயர். பட்டன், யுஎஸ்பி, ஹெட்போன் துளை என்று நம் கை படுகிற பல இடங்களும் அதில்தான் இருக்கின்றன. ஆனாலும் அதைக் கடைசியாகத்தான் கவனிக்கிறோம்.

அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் என் தம்பி. அவனுக்குக் கண் தெரியாது.

பிறவியிலிருந்தே அப்படி இல்லை. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும் ‘ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா’. பள்ளியில் படிக்கும்போது சாயங்காலமானால் தடுமாறுவான். பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வந்தது. 22 வயதில் வெளிச்சம் இருக்கிறது, இல்லை என்பது மட்டும்தான் தெரிந்தது. இப்போது அதுவும் இல்லை.

வயது 34. ஆடியோவைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது அவன் தொழில். ஆராய்ச்சி மாணவர்கள் கிராமங்களில் எடுக்கும் பேட்டிகள், கூட்டங்களின் பதிவுகள் எல்லாம் அவனுக்கு வரும். தமிழ் 99 விசைப்பலகையில் அவன் தட்டும் வேகத்துக்கு என்னால் வாசிக்கக்கூட முடியாது. திரையில் இருப்பதை அவனுக்குப் படித்துச் சொல்வது என்விடிஏ என்ற இலவச மென்பொருள். ஆஸ்திரேலியாவில், தானும் பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் என்பவர் 2006-ல் தொடங்கியது. தமிழும் படிக்கும். குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும். தம்பி அதை ‘என் ஆபீஸ் மேனேஜர்’ என்பான்.

செங்கல்பட்டில் ஒரே தெருவில் நாலு வீடு தள்ளி நான் இருக்கிறேன். அவன் அம்மா அப்பாவோடு இருக்கிறான். பல வருடங்களாக அவனிடமிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். “அக்கா, கொஞ்சம் வந்து பாரேன். லைட் எரியுதா?”

அவன் கேட்டது வீட்டு விளக்கை அல்ல. கேபினெட்டின் முகப்பில் மிளகு அளவில் எரியுமே, அந்த விளக்கை.

‘டக்’ என்ற அந்த பட்டன்

1999-ல் நான் பிளஸ் டூ முடித்ததும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். எட்டு வயதுத் தம்பியும் சில நாள் என்னோடு வருவான். அங்கிருந்த பெட்டிகள் எல்லாம் பழைய காகிதம் மாதிரி ஒரு பழுப்பு நிறம். முகத்தில் ஃபிளாப்பி போடும் வாய், ஒரு சாவித்துளை, டர்போ என்று எழுதிய பட்டன், இரண்டு இலக்கம் காட்டும் சின்ன டிஸ்ப்ளே. டர்போவை அழுத்தினால் 66 என்பது 33 ஆகும். மறுபடி அழுத்தினால் 66. தம்பிக்கு அதுதான் விளையாட்டு.

பின்னால் தெரிந்துகொண்ட செய்தி ஒன்று. அந்த பட்டன் வந்ததே வேகத்தைக் குறைப்பதற்காகத்தான். பழைய விளையாட்டு மென்பொருள்கள் சில, பிராசஸரின் வேகத்தை வைத்தே நேரத்தைக் கணக்கிட்டன. புது மெஷினில் போட்டால் கண்மண் தெரியாமல் ஓடும். அதை அடக்கத்தான் இந்த ஏற்பாடு. டிஸ்ப்ளேயில் தெரிந்த எண்ணும் எதையும் அளந்து சொன்னதில்லை. உள்ளே சின்னச் சின்ன ஜம்பர்களைச் செருகி, எந்த எண் தெரிய வேண்டும் என்று முன்கூட்டியே அமைத்துவைத்ததுதான்.

ஆனால் அந்தப் பெட்டியில் பொய் சொல்லாத ஒன்று இருந்தது. பவர் பட்டன். அழுத்தினால் ‘டக்’ என்று உள்ளே போய் அங்கேயே நிற்கும். ஆஃப் செய்தால் வெளியே வந்துவிடும். நம் வீட்டு சுவிட்ச் மாதிரி மின்சாரத்தையே நேராகத் துண்டிக்கிற பட்டன் அது. தொட்டாலே தெரியும்; உள்ளே இருந்தால் ஆன், வெளியே இருந்தால் ஆஃப்.

1995-ல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்ற புது அமைப்பைக் கொண்டுவந்தது. அதில் பவர் பட்டன் மின்சாரத்தைத் தொடுவதில்லை. அழுத்தும் நொடியில் இரண்டு வயர்களை இணைத்து, ‘எழுந்திரு’ என்று மதர்போர்டுக்கு ஒரு தகவல் மட்டும் சொல்லும். கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடும். இதனால்தான் ‘ஷட் டவுன்’ கொடுத்ததும் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்துபோகிறது. நல்ல வசதிதான். ஆனால் மெஷின் ஆனா, ஆஃபா என்பதை இனிமேல் பட்டன் சொல்லாது. அந்த வேலை விளக்குக்குப் போய்விட்டது.

“விரலுக்குத் தெரிஞ்சத எடுத்துக் கண்ணுக்குக் குடுத்துட்டாங்கக்கா” என்றான் தம்பி ஒருமுறை. குறையாகச் சொல்லவில்லை. கணக்குப் பிள்ளை கணக்கு சொல்வதுபோலச் சொன்னான்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை

2012-ல் வாங்கிய கறுப்புப் பெட்டிதான் அவன் கண்ணால் பார்த்து வாங்கிய கடைசிப் பெட்டி. அதற்குள் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி ஓட்டினோம். இரண்டு வருடம் முன்பு மதர்போர்டு போனது. கேபினெட்டின் முன்பக்க யுஎஸ்பி இரண்டும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தன. எல்லாமே புதிதாகப் போடலாம் என்று முடிவு செய்து, இருவரும் எலக்ட்ரிக் டிரெயின் ஏறி ரிச்சி ஸ்ட்ரீட் போனோம்.

இப்போதைய கேபினெட்டுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் கண்ணாடி, சிலவற்றில் முன்புறமும் கண்ணாடி. உள்ளே ஃபேன்கள் ஊதா, பச்சை, சிவப்பு என்று மாறி மாறி எரியும். கடை முழுக்க திருவிழாப் பந்தல் மாதிரி இருந்தது. 

கடைக்காரர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். “சாருக்கு எந்த மாதிரி வேணும்னு கேளுங்க மேடம். இது ஆர்ஜிபி. ஒண்ணே முக்கால் கோடி கலர் வரும்.”

“எனக்கு ஒண்ணு கூட வேணாம்ணே. தொட்டுப் பார்க்கலாமா?” என்றான் தம்பி.

அவர் ஒரு நிமிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

தம்பி முதலில் ஓரங்களைத் தடவினான். மலிவான தகட்டில் ஓரம் மடிக்காமல் விட்டிருப்பார்கள். உள்ளே கை விட்டால் கீறிவிடும். அப்படி இரண்டு பெட்டிகள் கழிந்தன. அடுத்து பவர் பட்டன். ஒரு பெட்டியில் பட்டனே இல்லை, தொட்டால் உணரும் வழவழப்பான ஒரு வட்டம். “இதத் தேடறதுக்குத் தடவினாலே ஆஃப் ஆயிடும்” என்று தள்ளிவிட்டான். இன்னொன்றில் பவரும் ரீசெட்டும் ஒரே அளவில் பக்கத்துப் பக்கத்தில். அதுவும் வேண்டாம். வேறொன்றில் பட்டன், யுஎஸ்பி எல்லாம் தலைமேல். மேசைக்குக் கீழே வைப்பவர்களுக்கு அது வசதி. எங்கள் வீட்டில் மேசை மேல் அப்பாவின் காபி டம்ளரும் இருக்கும். ஜிஎஸ்டி ரோட்டுத் தூசியும் வந்து இறங்கும். மேல்நோக்கித் திறந்த துளை எதுவானாலும் ஆறே மாதத்தில் அடைத்துக்கொள்ளும்.

கண்ணாடியையும் அவன் வேண்டாம் என்றான். அதற்குக் காரணம் எனக்குப் புதிதாக இருந்தது. பக்கவாட்டில் போடுவது டெம்பர்டு கண்ணாடி. சமமாக விழும் அடியைத் தாங்கும். ஆனால் அதன் ஓரம் மட்டும் கடினமான பீங்கான் டைல்ஸில் பட்டால் போதும், மொத்தமும் ஒரே நொடியில் கற்கண்டாக நொறுங்கிவிடும். தூசி தட்டுவதற்காகக் கண்ணாடியைக் கழற்றி டைல்ஸ் தரையில் சாய்த்துவைத்தவர்கள் பலருக்கு இது நடந்திருக்கிறது. கழற்றினால் பாய் மேலோ, துண்டின் மேலோதான் வைக்க வேண்டும்.

“கண்ணாடி உடைஞ்சா நீங்க பார்த்துப் பெருக்குவீங்க. நான் எப்படிப் பெருக்கறது?” என்றான். கடைக்காரர் தலையாட்டினார்.

கடைசியில் மேல் ரேக்கிலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டியை இறக்கினார். “இது ஆபீஸுக்குப் போற மாடல் சார். வீட்டுக்கு யாரும் கேக்க மாட்டாங்க.”

முன்பக்கம் முழுக்க சல்லடைத் தகடு. இரண்டு பக்கமும் இரும்புக் கதவு. பவர் பட்டன் முகப்பின் மேல் மூலையில், சட்டைப் பித்தான் மாதிரி எழும்பி இருந்தது. ரீசெட் அதற்கு நாலு விரல் கீழே, பள்ளத்தில் சின்னதாக. யுஎஸ்பி இரண்டும் நேர்வரிசையில், இடைவெளி விட்டு. பக்கக் கதவின் திருகுகள் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் விரலாலேயே சுற்றிக் கழற்றும் வகை. கீழே பிடித்து இழுத்தால் தூசி வடிகட்டி தனியாக வந்தது. சமையல்கட்டு வடிகட்டி மாதிரி குழாயில் கழுவிக் காயவைத்து மாட்டிக்கொள்ளலாம்.

தம்பி பட்டனை இரண்டு தடவை அழுத்தினான். “இது போதும்ணே.”

முதுகுப் பக்கம்

கேபினெட்டைத் திருப்பி வைத்து அவன் பார்த்தபோதுதான், இதுவரை நான் யோசிக்காத ஒன்றைச் சொன்னான். “முன்பக்கத்துல மட்டும்தான் நான் குருடு. பின்பக்கத்துல எல்லாருமே என் கட்சிதான்.”

உண்மைதானே? பின்பக்க வயர் கழன்றுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? சுவரை ஒட்டி நிற்கும் பெட்டியின் முதுகுக்குக் கையை விட்டு, தலையை மேசையில் சாய்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு துழாவுகிறோம். யுஎஸ்பியை ஒரு பக்கம் செருகி, போகாமல் திருப்பி, மறுபடி திருப்பி…

உதவிக்காகக் கொடுத்த நிறங்களும் அங்கே வேலைக்கு ஆவதில்லை. மைக்ரோசாப்ட்டும் இன்டெல்லும் 1999-ஐ ஒட்டி வகுத்த விதிகளின்படி கீபோர்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு என்று கொடுத்தார்கள். வேகமான யுஎஸ்பிக்கு உள்ளே நீலப் பிளாஸ்டிக் வைக்கும் வழக்கம் பிறகு வந்தது. மேசைக்கடியில் இருட்டில் எது நீலம், எது கறுப்பு? தம்பிக்கு நிறமே வேண்டியதில்லை. எங்கள் போர்டில் ஒலிக்கு மூன்று துளைகள். “நடுவுல இருக்கறது ஸ்பீக்கர்” என்று எண்ணித்தான் வைத்திருக்கிறான்.

பின்பக்கத்தில் இன்னொன்றையும் அவன் விடவில்லை. கூடுதல் கார்டு போடுவதற்காக அங்கே நீளமான பட்டைகள் இருக்கும். மலிவான பெட்டிகளில் அதை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். திரும்ப மூட முடியாது. திருகு போட்ட பட்டையாக இருந்தால் மூடிவைக்கலாம். “இல்லாட்டி பல்லி குடித்தனம் வந்துடும்” என்றான். சிரித்தேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. “வாரத்துக்கு ஒரு பல்லி பார்க்கறேன் மேடம். போர்டு மேல ஷார்ட் ஆகிக் கிடக்கும்” என்றார்.

பில் போடும்போது தம்பி ஒன்று கேட்டான். “உள்ள ‘பீப்’னு கத்துமே, அந்தக் குட்டி ஸ்பீக்கர் இருக்காண்ணே?”

முன்பெல்லாம் எல்லா கேபினெட்டிலும் அது இருக்கும். மெஷின் உயிர் பெற்றதும் ஒரு ‘பீப்’. நலம் என்று அர்த்தம். ராமிலோ டிஸ்ப்ளே கார்டிலோ கோளாறு என்றால் நீளமாகவோ விட்டு விட்டோ கத்தும். இப்போது பல பெட்டிகளில் அதை வைப்பதில்லை. கடைப் பையன் ஒரு டப்பாவைக் கவிழ்த்துத் தேடி, சுண்டக்காய் அளவு ஸ்பீக்கர் ஒன்றை எடுத்தான். மதர்போர்டில் அதைச் செருக இடம் இருந்தது. விலை 30 ரூபாய்.

தம்பியின் என்விடிஏ மேனேஜர் விண்டோஸ் எழுந்த பிறகுதான் பேசும். அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் அவனுக்கு நிசப்தம். அந்த நிசப்தத்தில் பேசுவது இந்த 30 ரூபாய்தான்.

கல் வைத்த பொட்டு

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு பழைய மணையைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார். தரை துடைக்கும் தண்ணீர் படாமல் பெட்டி அதன்மேல் ஏறியது. அடுத்து தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து கல் வைத்த பொட்டு ஒன்றை எடுத்து, “இத ஒட்டிக்கோயேன்டா, கைக்குத் தட்டுப்படும்” என்றார். யுஎஸ்பி இரண்டில் வேகமானது எது என்பதற்கு அடையாளமாக அதன் தலைமேல் அந்தப் பொட்டு உட்கார்ந்திருக்கிறது. பின்பக்க வயர்களுக்கு ரப்பர் பேண்ட். மவுஸுக்கு ஒன்று, கீபோர்டுக்கு இரண்டு.

மெஷின் ஆனா என்று அறிய, பெட்டியின் பின்னால் உள்ளங்கையை வைப்பான். முன்சல்லடை வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே போய், சூடாகிப் பின்பக்க ஃபேன் வழியாக வெளியே வரும். கையில் காற்று பட்டால் ஆன். சூடு வழக்கத்தைவிட அதிகம் என்றால், வடிகட்டியைக் கழுவும் நாள் வந்துவிட்டது.

போன வருடம் ஒரு நாள், காலை ஏழு மணிக்கு நான் பால் வாங்கப் போனபோது வாசலில் உட்கார்ந்திருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“தூங்கலையாடா?”

“ராத்திரி மெஷின் நின்னுடுச்சு. ஒன்பது மணிக்குள்ள அனுப்ப வேண்டிய வேலை.”

ஒரு பிஎச்டி மாணவியின் பேட்டிகள். அன்று சமர்ப்பிக்க வேண்டியவை. இரவு இரண்டு மணிக்கு மேனேஜர் பாதி வாக்கியத்தில் பேச்சை நிறுத்திவிட்டது. எந்தக் கீயை அழுத்தியும் பதில் இல்லை. பவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்திருக்கிறான். நாலைந்து நொடி அப்படிப் பிடித்தால் மெஷின் கட்டாயமாக அணையும். பின்பக்கம் கை வைத்துப் பார்த்தான், காற்று நின்றிருந்தது. மறுபடி அழுத்தினான். ஒரு ‘பீப்’ வரவேண்டிய இடத்தில் நீளமாகக் கத்திக்கொண்டே இருந்தது.

“ராம்னு தெரிஞ்சுது” என்றான் சாதாரணமாக.

எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கினான். விரலால் திருகைக் கழற்றிக் கதவை இழுத்தான். இரும்பை ஒரு கை தொட்டபடியே, ராமை இரு முனையிலும் விடுவித்து எடுத்து, பொன்னிறப் பற்களை ரப்பரால் மெல்லத் துடைத்து, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை மறுபடி அழுத்தினான். பிளக்கை மாட்டிப் பட்டனை அழுத்தினான்.

ஒரே ஒரு ‘பீப்’.

ஆறரை மணிக்கு வேலையை அனுப்பிவிட்டான்.

“என்னை ஏன்டா எழுப்பல? நாலு வீடுதானே?” என்றேன்.

“எதுக்குக்கா எழுப்பணும்?”

அவன் கோபமாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. நிஜமாகவே காரணம் கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ‘லைட் எரியுதா’ என்ற போன் வந்து எத்தனை மாதம் ஆகிவிட்டது என்று யோசித்தபடியே பாலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நீங்கள் அடுத்து கேபினெட் வாங்கும்போது, கடையிலேயே ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியைத் தடவிப் பாருங்கள். பவர் பட்டன் கைக்கு அகப்படுகிறதா? ரீசெட் தனியாக இருக்கிறதா? காற்று போக முன்னால் வழி இருக்கிறதா? வடிகட்டி கழற்ற வருகிறதா? ஓரம் கீறுகிறதா? பவர் பட்டன் என்றாவது கெட்டுப்போனாலும் பயப்பட வேண்டாம். ரீசெட் பட்டனும் அதே வேலையைச் செய்யும் சுவிட்ச்தான். அதன் வயரைப் பவர் பின்களில் மாற்றிச் செருகித் தரச் சொன்னால், மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்.

சென்ற மாதம் எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் காலேஜில் டிசைன் படிப்புக்காகக் கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள். துணைக்குத் தம்பியைத்தான் அழைத்துப்போனாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் கண்ணாடி வைத்த, கலர் கலராக எரியும் பெட்டி.

“என்னடா, நீ போயும் கண்ணாடியா?” என்று கேட்டேன்.

“அவளுக்குத்தான் கண்ணு இருக்கே, அழகா இருக்கட்டுமே” என்றான். “கலர் அவ பார்த்தா. பட்டன், ஃபில்டர், முன்பக்கச் சல்லடை எல்லாம் நான் பார்த்தேன். கண்ணாடியைக் கழட்டினா வைக்க ஒரு பழைய பாயும் குடுத்து அனுப்பியிருக்கேன்.”